மாப்பிள்ளையின் வண்டியும் ஒரு செம்பு வாஷரும்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

மாமா எழுதுவது. இங்கு நான், உங்கள் அத்தை, நீங்கள் விட்டுச் சென்ற சரக்கு வண்டி, மூவரும் நலம். மூன்றாமவர் நலமானது போன செவ்வாய்க்கிழமைதான். அங்கு நீங்களும் என் மகளும் நலமென்றும், புது அலுவலகத்தின் நாற்காலி உங்கள் முதுகுக்குப் பழகிவிட்டதென்றும் நம்புகிறேன். இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாமே என்று நினைப்பீர்கள். போனில் நான் இரண்டாவது வாக்கியத்துக்கு வருவதற்குள் உங்கள் அத்தை அதைப் பிடுங்கிக் கடைசி வாக்கியத்தைச் சொல்லிவிடுகிறாள். இது வரிசையாகச் சொல்ல வேண்டிய விஷயம். அதனால் அவளிடம் வாயைத் திறப்பதில்லை என்று சத்தியம் வாங்கிக்கொண்டு எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

கிளம்பும்போது நீங்கள் சொன்னது எனக்கு அட்சரம் பிசகாமல் நினைவிருக்கிறது. "வாரம் ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணிப் பத்து நிமிஷம் ஓட விடுங்க மாமா, வேற எதையும் தொடாதீங்க." முதல் பாதியை நான் ஒரு வாரமும் தவறவிட்டதில்லை. இரண்டாவது பாதியைப் பற்றித்தான் இந்தக் கடிதம். வண்டி சும்மா நின்று பத்து நிமிடம் உறுமுவதைவிட, உங்கள் அத்தையை முட்டிப் பயிற்சிக்கு அழைத்துப் போய்வந்தால் இருவருக்கும் நல்லது என்று தோன்றியது. முதல் நாளே அவள், "என்னங்க, மண்ணெண்ணெய் விளக்கை ஊதி அணைச்ச மாதிரி ஒரு வாசனை" என்றாள். என் மூக்கு பத்து வருடமாக வேலை செய்யவில்லை என்பது உங்களுக்குத் தெரியும், பூவும் ஒன்றுதான் புகையும் ஒன்றுதான். பழைய வண்டி அப்படித்தான் இருக்கும் என்றேன். மூன்றாவது தடவை அவள் தலையைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். முட்டி வலியாக இருக்கும் என்றேன். "முட்டி வலி தலைக்கு ஏறுமா?" என்று கேட்டாள். நியாயமான கேள்வி. அங்கேதான் இந்த வினை ஆரம்பித்தது.

நான் குடிநீர் வாரியத்தில் கசிவுப் புகார்ப் பிரிவில் முப்பத்துநான்கு வருடம் இருந்தவன். எந்தத் தெருவில் எந்தக் குழாய் எத்தனை நாளாக ஒழுகுகிறது என்று கேட்டு எழுதி மேலே அனுப்புவேன். சேர்ந்த நாளிலிருந்து ஓய்வு பெற்ற நாள்வரை ஒரு கசிவையும் நான் கண்ணால் பார்த்ததில்லை மாப்பிள்ளை. பேனாவோடு சரி. ஆகவே பானெட்டைத் திறந்தது உங்கள் பேச்சை மீறுவதற்காக அல்ல. தோட்டத்து ரப்பர் குழாயில் ஒரு முழம் வெட்டி, ஒரு முனையைக் காதில் வைத்துக்கொண்டு, மறுமுனையால் ஓடுகிற இன்ஜினின் தலைமேல் ஒவ்வோர் இடமாகத் தேடினேன். டீசலை உள்ளே பீய்ச்சும் இன்ஜெக்டர்கள் நான்கு வரிசையாக நிற்கின்றன. முதலாவதில் தடதட, இரண்டாவதில் தடதட, மூன்றாவதில் அதோடுகூட, பல்லிடுக்கில் காற்றை விடுவதுபோல, சுக், சுக், சுக். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. என் வாழ்க்கையில் நான் நேரில் சந்தித்த முதல் கசிவு அது.

டார்ச் அடித்துப் பார்த்தால் அந்த இன்ஜெக்டரைச் சுற்றி மட்டும் கன்னங்கரேலென்று, சாலைக்குப் போடும் தாரைப் போல ஏதோ கெட்டியாக மண்டியிருந்தது. கம்பெனிக்காரனே ஏதோ காரணத்தோடு பூசியதோ என்று ஒரு சந்தேகம். ஆனால் மற்ற மூன்றுக்கும் ஏன் பூசவில்லை? சமையலறைக் கத்தியால் சுரண்டிப் பார்த்தேன். தார் பெயரவில்லை, கத்தியின் முனைதான் பெயர்ந்தது. "முனை எங்கே?" என்று உங்கள் அத்தை கேட்டாள். இருக்கிற இடத்தில் இருக்கிறது என்று சொல்லிவைத்தேன். பிறகு கசிவென்றால் அடைக்க வேண்டியதுதானே என்று, குளியலறை ஓட்டைக்கு வாங்கி மிச்சமிருந்த பசைக் குழலைப் பிதுக்கி, இன்ஜெக்டரைச் சுற்றி ஒரு மோதிரம் போலப் பூசி, ஒரு நாள் முழுக்கக் காயவிட்டு ஸ்டார்ட் செய்தேன். சத்தமே இல்லை. பெருமையோடு தெருமுனைவரை போனேன். அங்கே 'டப்' என்று ஒரு சத்தம், பானெட்டின் இடுக்கெல்லாம் வெள்ளைப் புகை. எதிர்க்கடைக் கடிகாரக்காரர் வாளித் தண்ணீரோடு ஓடிவந்து, இன்ஜினை விட்டுவிட்டு என் மேல் ஊற்றினார். ஏன் என்று கேட்டதற்கு, "வண்டியை ரிப்பேர் பண்ணிடலாம், நீங்க பத்திக்கிட்டா என்ன பண்றது?" என்றார்.

நனைந்த சட்டையோடு நிற்கும்போது அவர்தான் நாசில் அக்காவைப் பற்றிச் சொன்னார். டயர்க் கடைக்குப் பின்னால் பட்டறை வைத்திருக்கிறாள். ஐம்பது வயதிருக்கும், டீசலைப் பீய்ச்சும் நாசில்களைத் தவிர வேறு வேலைக்குக் கை வைக்க மாட்டாள், அதனால் அந்தப் பெயர். நம் வீட்டு வாசலுக்கே வந்து பானெட்டுக்குள் குனிந்து முகர்ந்துவிட்டு, "இதுல பாத்ரூம் வாசனை வருது. யாரு பூசினது?" என்றாள். நான் யோசிக்காமல், "முன்னாடி ஓட்டினவரு" என்று சொல்லிவிட்டேன். அதாவது உங்களை. மன்னிக்க வேண்டும். உங்கள் அத்தை வாசற்படியில் இருந்தபடியே அதைத் திருத்தினாள்.

அக்கா அந்த மூன்றாவது இன்ஜெக்டர் நிற்கும் குழியில் கொஞ்சம் டீசல் ஊற்றி இன்ஜினை ஓடவிட்டாள். கொப்புளம் கொப்புளமாகக் கிளம்பியது. "பாருங்க சார். இன்ஜெக்டருக்கு அடியில ஒரு செம்பு வாஷர் இருக்கும், நகம் மாதிரி மெல்லிசா. அதுதான் சீல். அது போனா உள்ள எரிஞ்ச புகை மேல வரும். வந்து, ஆறி, தாராயிடும்." இவ்வளவு பெரிய வண்டிக்கு நகத்தளவு ஒரு வளையமா என்று எனக்கு ஆச்சரியம். ஏன் செம்பு, ரப்பர் ஏன் கூடாது, மூன்றாவது மட்டும் ஏன் போயிற்று என்று வரிசையாகக் கேட்டேன். செம்பு நசுங்கிக் கொடுக்கும், ரப்பர் அந்தச் சூட்டில் சாம்பலாகிவிடும், மூன்றாவதின் போல்ட் இளகியிருக்கிறது என்று பொறுமையாகச் சொல்லிவிட்டு, "ஒரு நாளைக்கு மூணு கேள்விதான் சார். இன்னைக்குள்ளது முடிஞ்சுது" என்றாள்.

மறுநாள் முதல் நான் கேள்விகளை இரவே தாளில் எழுதி, அவற்றில் நல்லதாக மூன்றைப் பொறுக்கி வைத்துக்கொண்டேன். மூன்றாவது இன்ஜெக்டர் வர மறுத்தது. துரு இளக்கும் எண்ணெய் விட்டு இரண்டு நாள் ஊறவைத்து, இன்ஜினைச் சூடாக்கி, பின்னால் இழுத்து அடிக்கிற ஒரு விசித்திரச் சுத்தியலை மாட்டி இழுத்தாள். பல் பிடுங்கும் இடத்தில் துணைக்குப் போனவன் போல நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். வந்துவிட்டது. அடியில் இருந்த பழைய வாஷரில் ஒரு பக்கம் புகை தின்ற தடம், தலைமுடி அகலம்கூட இல்லை. பிறகு வாஷர் உட்காரும் 'சீட்' என்ற இடத்தைச் சுத்தமாகச் சீவ வேண்டும். சீவல் உள்ளே விழாமல் ஒட்டிக்கொள்ள, சுற்றிச் சீவும் உளியில் கிரீஸ் தடவி என் கையில் கொடுத்தாள். "மெதுவா மூணு சுத்து. அதுக்கு மேல சுத்தினா இன்ஜினோட தலையையே மாத்தணும்." மாப்பிள்ளை, என் கல்யாணத்தில் மூன்று முடிச்சைக்கூட நான் அவ்வளவு கவனமாக எண்ணவில்லை. நான் மனசுக்குள் எண்ண, உங்கள் அத்தை உரக்க எண்ண, மூன்றில் நிறுத்தினேன்.

நான்கு இன்ஜெக்டருக்கும் புது வாஷர், புது போல்ட் என்று வாங்கி வைத்திருந்தாள். மாட்டப் போகும் நேரத்தில் எண்ணினால் வாஷர் மூன்றுதான் இருக்கிறது. நான்காவது என் பொறுப்பில் இருந்தது. அது இன்ஜினுக்குள் எங்காவது கிடந்தால் ஸ்டார்ட் செய்ய மாட்டேன் என்று அக்கா கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். நான் கடிகாரக்காரரிடம் காந்தம் கடன் வாங்கி, நூலில் கட்டி, ஒரு மணி நேரம் சந்துபொந்தெல்லாம் தேடினேன். இரண்டு பழைய திருகாணியும் எங்கள் கத்தி முனையும் கிடைத்தன. அக்கா அமைதியாக, "செம்பு காந்தத்துல ஒட்டாது சார்" என்றாள். இதை ஏன் ஒரு மணி நேரம் முன்னாலேயே சொல்லவில்லை என்றேன். "உங்க மூணு கேள்வியும் காலையிலேயே முடிஞ்சிடுச்சே" என்றாள். அப்போது தேநீர் கொண்டுவந்த உங்கள் அத்தை என்னைப் பக்கவாட்டில் பார்த்து, "இது என்ன, காதுல தோடா?" என்று கேட்டாள். பத்திரமாக இருக்கட்டும் என்று வாஷரைக் காதில் செருகியிருந்த பென்சிலில் நானேதான் கோத்திருக்கிறேன்.

செவ்வாய்க்கிழமை எல்லாம் மாட்டி, அளந்து முறுக்கி, ஸ்டார்ட் செய்தோம். ரப்பர் குழாயை நான்கு இடத்திலும் வைத்துக் கேட்டேன், சுக் என்று ஒரு சொல் இல்லை. கண்ணாடிகளையெல்லாம் ஏற்றிக்கொண்டு மூவரும் அரை மணி நேரம் சுற்றினோம். உங்கள் அத்தை இழுத்து இழுத்து முகர்ந்து, "ஒண்ணுமில்ல, பழைய சீட்டு வாசனைதான்" என்றாள். தலையும் வலிக்கவில்லை. இறங்கும்போது அக்கா கையைத் துடைத்தபடி, "இதை எவ்வளவு நாளா இப்படி ஓட்டினாங்க? அந்தப் புகை வண்டிக்குள்ள வந்து, ஓட்டினவருக்கு தினம் தலை வலிச்சிருக்குமே" என்றாள்.

போன வருடம் முழுக்க நீங்கள் சரக்கு இறக்கிவிட்டு வந்து நெற்றியில் ஈரத்துணியோடு படுத்திருந்தது நினைவுக்கு வந்தது. உங்களுக்குத் தேவையில்லாத கண்ணாடியை ஒரு டாக்டர் மாட்டிவிட்டார். நான் அதற்கும் மேலே போய், சாப்பிடும்போது, வேலையில் மனசு இல்லாதவனுக்குத் தலைதான் முதலில் வலிக்கும் என்று உங்கள் காதுபடச் சொன்னேன். நீங்கள் பாதிச் சாப்பாட்டில் கை கழுவினீர்கள். அடுத்த மாதமே அந்த நாற்காலி வேலைக்குப் போய்விட்டீர்கள். முப்பத்துநான்கு வருடத்தில் யார் வந்து சொன்ன புகாரையும் நான் பொய் என்று எழுதியதில்லை மாப்பிள்ளை. என் வீட்டில் ஒருவர் வந்து சொன்னதைப் பொய் என்றேன். உங்கள் தலையில் ஒரு குறையும் இல்லை. நான்தான் தப்பு. இதைப் போனில் சொல்ல எனக்கு வாய் வராது, அதனால்தான் தாள்.

வண்டி இப்போது பூனை மாதிரி நிற்கிறது. இனி அதைத் தொட மாட்டேன். பழைய வாஷரை மட்டும் வைத்துக்கொள்ள அனுமதி வேண்டும், பூதக்கண்ணாடியில் பார்க்க இன்னும் நிறைய இருக்கிறது. என் மகளுக்கு அன்பு. உங்கள் இருவருக்கும், குறிப்பாக உங்கள் தலைக்கு, எங்கள் ஆசிகள்.

இப்படிக்கு,
உங்கள் மாமா

பின்குறிப்பு: உறையை ஒட்டப்போகும் நேரத்தில் வாசலில் ஓர் ஆள் வந்து, வண்டியை வாங்கிக்கொள்ள உங்களிடம் பேசி முடித்திருப்பதாகச் சொன்னார். இன்ஜினை மட்டும் கழற்றிக் கல் உடைக்கும் மெஷினில் மாட்டிவிட்டு மிச்சத்தைப் பழைய இரும்புக்குப் போடுவாராம். "இன்ஜின் எப்படி சார் இருக்கு?" என்று கேட்டார். நான், "சீல் போச்சு, சீட் போச்சு, நாலு இன்ஜெக்டரும் உள்ளேயே இறுகிப் போச்சு, தலையையே மாத்தணும்" என்றேன். இந்த வீட்டில் பொய்யே சொல்லாத உங்கள் அத்தை என் பின்னாலிருந்து, "உள்ள உக்காந்தாலே மயக்கம் வருது" என்றாள். அவர் பானெட்டைக்கூடத் திறக்காமல் போய்விட்டார். ஆகையால் அவர் உங்களுக்குப் போன் செய்தால், மேலே நான் எழுதிய எதுவும் நடக்கவில்லை. நாசில் அக்கா என்று யாரையும் நமக்குத் தெரியாது. வண்டி ஓடாது. நீங்கள் எந்தத் தேதியில் வந்து எடுத்துக்கொள்கிறீர்கள் என்று மட்டும் எழுதுங்கள், டேங்கை நிரப்பி வைக்கிறேன்.