வெள்ளித்தாளும் வெங்காய போண்டாவும்

இனிமேல் போண்டாவை நிம்மதியாக உட்கார்ந்து தின்பது என்று வேதகிரி சபதம் எடுத்தபோது, உத்திரமேரூர் பஜாரில் இருந்த அவருடைய பிரவுசிங் சென்டரில் ஒரு ஈ கூட இல்லை. சபதத்துக்குத் தோதான நேரம்தான்.

அவருக்குச் சர்க்கரை. எண்ணெய்ப் பலகாரம் கண்ணிலேயே படக்கூடாது என்று காஞ்சிபுரம் டாக்டர் சொல்லிவிட்டார். சொன்னது இவரிடம்; காதில் வாங்கிக்கொண்டது மனைவி பவளம். கடைக்குப் பின்னால் கிணற்றைத் தாண்டினால் வீடு. பெங்களூரில் இருக்கும் தங்கை கனகாவோடு கம்ப்யூட்டரில் முகம் பார்த்துப் பேச, பவளம் நினைத்த நேரத்தில் கடைக்கு வந்து நிற்பாள். கேமரா வித்தையெல்லாம் அவளுக்கு அத்துப்படி. சிட்டம்மாள் கடை போண்டா வந்து இறங்கினால் மட்டும் அவளுக்கு எப்படித்தான் மூக்கில் வியர்க்குமோ! போன வாரம் ஒரு போண்டாவை அவசரத்துக்குப் பிரிண்டருக்குள் ஒளிக்க வேண்டியதாயிற்று. அதில் அச்சாகும் பயோடேட்டாக்கள் இன்றுவரை எண்ணெய் மணக்கின்றன.

நெட்டையே வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டால் அவள் ஏன் கடைக்கு வரப்போகிறாள்?

"பவளம், வூட்டுக்கே நெட்டு இழுத்துடறேன்மே. நீ வெயில்ல நடக்க வேணாம்."

"இன்னாத்துக்குய்யா? நாலு எட்டு நடந்தா என் காலு தேஞ்சா பூடும்?"

"தேஞ்சிடும்மே. குந்திக்கினே பேசு."

"சரி, உன் இஷ்டம்."

அவ்வளவு சுலபமாக அவள் எதற்கும் சம்மதித்ததில்லை. வேதகிரி அதைக் கொஞ்சம் யோசித்திருக்கலாம்.

வெயில் மழை தாங்கும் கறுப்பு கேபிளாகப் பார்த்து வாங்கினார். புதுக் குழாய் தண்டச் செலவு என்று, கிணற்று மோட்டாருக்கு ஒயர் போன குழாயிலேயே அதையும் நுழைத்தார். முனையில் கறுப்புத் தோலைச் சீவினால் உள்ளே வெள்ளித்தாள். அதை ஒட்டி ஒரு மொட்டைக் கம்பி. அதற்கும் உள்ளே எட்டு வண்ணக் கம்பிகள். வெள்ளித்தாள் வெறும் சோடனை என்று முடிவுகட்டிக் கிழித்துப் போட்டார். மொட்டைக் கம்பிக்கு நிறமும் இல்லை, முனையில் மாட்டும் கிளிப்பில் இடமும் இல்லை, அதையும் நறுக்கினார். மற்ற எட்டையும் வரிசையாகப் பிளாஸ்டிக் கிளிப்பில் செருகி ஓர் அழுத்து. வீட்டில் வைத்த பழைய கம்ப்யூட்டருக்கு நெட் வந்தது. பவளம் வருவது நின்றது.

மத்தியானம் மூன்று மணிக்கு மும்முனை கரண்ட் வரும், கிணற்று மோட்டார் ஓடும். நாலு மணிக்குப் போண்டா வரும். வாழ்க்கை இனித்தது.

வேதகிரி ஜாக்கிரதையான ஆசாமியும்கூட. கல்லா மேஜை மேல் ஒரு கேமரா உண்டு. அது வேலை செய்தால் நெற்றியில் சிவப்பு விளக்கு எரியும். அது எரியவில்லை என்று பார்த்த பிறகே பொட்டலத்தைப் பிரிப்பார்.

இடையில் ஆயுத பூஜை வந்தது. பவளம் கடைக்கு வந்து எல்லாவற்றையும் துடைத்துச் சந்தனம் குங்குமம் வைத்தாள். மானிட்டர், மவுஸ், கேமரா, எதையும் விடவில்லை. மறுநாளே புகார் வந்தது.

"யோவ், உன் நெட்டு ஒரே பேஜாரா கீது. மோட்டார் போட்டா படம் கட்டம் கட்டமா உடையுது."

"மோட்டார் நின்னப்புறம் பேசேன்மே."

"எனுக்குச் சாயங்காலந்தான் படம் தெரியணும். இதெல்லாம் தெரிஞ்சவங்க செய்யற வேலையாம். கனகா வூட்டுக்காரரு சொன்னாரு."

சகலையா சொன்னான்? வேதகிரிக்கு ரத்தம் கொதித்தது. கேபிள் விற்றவனிடம் ஓடினார். மோட்டார் ஒயரின் மின் இரைச்சல் கேபிளுக்குள் புகாமல் தடுப்பதே அந்த வெள்ளித்தாளும் மொட்டைக் கம்பியும்தான் என்றான் அவன். வேதகிரி உலோகக் கிளிப்புகளோடு திரும்பினார். இந்த முறை வெள்ளித்தாளில் கீறல் விழாமல் தோலைச் சீவினார். தாளை மடித்துவிட்டு, மொட்டைக் கம்பியை அதன்மேல் சுற்றி, கிளிப்பின் உலோகத்தில் தொடும்படி வைத்து அழுத்தினார். சாப்பாட்டைக்கூட மறந்து இரண்டு முனையும் முடித்தார். சகலை ஏழு ஜென்மம் எடுத்தாலும் இப்படிச் செய்ய முடியாது.

மூன்று மணிக்கு மோட்டார் ஓடியது. நாலு மணிக்குப் போண்டா வந்தது. மூன்றாவதைச் சட்னியில் முக்கும்போது போன் அடித்தது.

"நெட்டு இப்ப எப்டி கீது?" என்றார் வாய் நிறைய.

"கண்ணாடி மாதிரி கீதுய்யா. ஒரு கட்டம் இல்ல."

"இத்த அந்த சகலைகிட்ட சொல்லு! கனகா மூஞ்சி நல்லா தெரியுதா?"

"கனகா என்னிக்குய்யா சாயங்காலம் வந்தா? அவ வேலை முடிஞ்சி வர்றதே ராத்திரி."

வேதகிரி மெல்லக் கேமராவைப் பார்த்தார். விளக்கு எரியவில்லை. விளக்கு இருக்க வேண்டிய இடத்தில் தடித்த ஒரு சந்தனக் குங்குமப் பொட்டுதான் இருந்தது. நகத்தை நீட்டினார்.

"பூஜையில வெச்ச பொட்டுய்யா, அத்த சொரண்டாத. மூணாவது போண்டாவ கீழ வை."