இடப்பக்கம் மட்டுமே திரும்பத் தெரிந்த திருடன்

அன்புள்ள மருமகனுக்கு,

உன் தாய்மாமனும், ஓட்டுநர் பள்ளி அதிபரும், நேற்று முதல் இந்நகரத்தின் காவல் தெய்வமுமாகிய நான் எழுதுவது. இங்கு அனைவரும் நலம். உன் நலத்தை உன் அம்மா தினமும் போனில் ஒலிபரப்புகிறாள்.

"வயசாயிடுச்சு மாமா, கார் சாவிய எங்கிட்ட குடுத்துட்டு ஓய்வெடுங்க" என்று எழுதியிருந்தாய். கிடையாது. ஏன் என்று கேள்.

நேற்றுக் காலை கடைத்தெருவில் பல் டாக்டரம்மாவுக்குப் பாடம். வண்டி அணைந்து அணைந்து போகவே, "இதுக்கு நடந்தே போயிடலாம்" என்று இறங்கி, நடந்தே போய்விட்டார். அந்தக் காலி இருக்கையில் முகமூடியோடு ஒருவன் பொத்தென்று விழுந்தான்; பின்னால் மூட்டையோடு இன்னொருவன். எதிரே இருந்த கைக்கடிகாரக் கடையை வழித்துத் துடைத்துக்கொண்டு வந்தவர்கள். முகமூடி எதற்கு, கிளட்சை விட்ட லட்சணத்திலேயே ஆள் தெரிந்துவிட்டது. என்னிடம் முதல் வாரப் பாடத்தோடு கம்பி நீட்டிய சீடன். ஊரில் உள்ள லட்சம் வண்டிகளில் என் வண்டிதான் அவனுக்கு வாய்த்தது.

"ஏண்டா, சீட் பெல்ட் எங்க?" என்றேன்.

"சார்... நீங்களா?"

"நானேதான். ரோட்டப் பாரு."

முதல் வாரத்தில் நான் யாருக்கும் வலப்பக்கம் திரும்பச் சொல்லித்தருவதில்லை என்பது உனக்குத் தெரியும். இடது, இடது, மறுபடி இடது. பின்னால் இருந்தவன், "வலது பக்கம் போடா, ஊர விட்டு வெளிய போற ரோடு அதான்" என்று தலையில் அடித்துக்கொள்கிறான். "அது எனக்கு இன்னும் நடத்தலடா" என்று இவன் அழாக்குறையாகச் சொல்கிறான். இடது இடதாகத் திரும்பித் தெருவைச் சுற்றினால் வேறு எங்கே போய்ச் சேரும், அதே கடிகாரக் கடைதான். வாசலில் முதலாளி, பக்கத்தில் போலீஸ் பட்டாளம்.

"சார், ரிவர்ஸ் எப்படி சார் போடறது?"

"அது மூணாவது வாரம்" என்று சொல்லி, வாத்தியாருக்கென்று என் காலடியில் இருக்கும் தனி பிரேக்கை ஒரு மிதி மிதித்தேன் பார், பூமி ஒரு கணம் சுற்றுவதை நிறுத்திவிட்டுத்தான் மறு வேலை பார்த்தது.

இன்ஸ்பெக்டர் கைகுலுக்கிய வேகத்தில் என் தோள்பட்டை இன்னும் கீழே இறங்கவில்லை. பல வருஷமாக என்னைத் தலைநிமிர்ந்து பார்க்காத உன் அத்தை இரண்டு தரம் பார்த்தாள். இப்பேர்ப்பட்ட கால் ஓய்வெடுத்தால் இந்த ஊரின் கதி என்ன? ஆகவே சாவி என்னிடமே இருக்கும்.

பஞ்சராகாத டயர்போல நீ நெடுநாள் ஓட என் ஆசிகள். உன் அம்மாவிடம் விவரம் சொல்; அவள் கேட்காவிட்டாலும் சொல்.

இப்படிக்கு,
உன் வீரத் தாய்மாமன்

பி.கு.: வாக்குமூலம் எழுதும்போது சும்மா ஒரு பதிவுக்காக என் லைசென்ஸைக் கேட்டார்கள். பெருமையாக எடுத்து நீட்டினேன். அது காலாவதியாகி நாலு வருஷம் ஆகிறதாம். வண்டி ஸ்டேஷன் வாசலில், சாவி இன்ஸ்பெக்டர் மேஜையில். உன் லைசென்ஸோடு உடனே கிளம்பி வந்து இரண்டையும் வாங்கிக்கொள். நீயே வைத்துக்கொள். வீடு வரைக்கும் நான் பின்சீட்டில் வாயைத் திறக்காமல் வருவேன் என்று எழுதச் சொன்னாள் உன் அத்தை. எழுதிவிட்டேன்.