லட்டுவுக்குப் போட்ட மூன்றாவது எலி

வயிறு காய்ந்தவனுக்குத்தான் கோபம் வரும். நிறைந்தவன் பேசாமல் படுத்துக் கிடப்பான். பூனாவில் இத்தனை வருஷம் குடும்பம் நடத்திக் கண்ட உண்மை இது. இதை ஒரு மலைப்பாம்பிடம் காட்டியதுதான் என் தப்பு என்கிறார்கள். சொல்லட்டும்.

என் மகள் செல்விக்கு ரஞ்சன்காவில் ஒரு தொழிற்சாலையில் வேலை. கல்யாணமே வேண்டாம் என்றவள், ஒரு நாள் கண்ணாடிப் பெட்டியும் அதற்குள் ஒரு பாம்புமாக வந்து நின்றாள். வெளிநாட்டுக் குள்ள மலைப்பாம்பு, முறையாகப் பதிவு செய்து வாங்கியது. முழுசாக வளர்ந்தே என் சப்பாத்திக்கட்டைத் தடிமன்தான். சுருண்டு கிடந்தால் லட்டு மாதிரி இருக்கும். அதனால் நான்தான் லட்டு என்று பெயர் வைத்தேன். (வேறு வழி? வீட்டுக்குள் வந்துவிட்டதே.)

அதற்கு இரண்டு வாரத்துக்கு ஒரு சுண்டெலி. ஃப்ரீசரில் இருப்பதை வெந்நீரில் இளக்கி, இடுக்கியால் நீட்ட வேண்டும். எலி, பாம்பை விடப் பருமனாக இருக்கக் கூடாது. தின்ற பிறகு இரண்டு நாள் பாம்பைத் தொடக் கூடாது.

"ரெண்டு வாரத்துக்கு ஒண்ணா? ஏட்டி, அது என்ன விரதமா இருக்கு?"

"அதோட உடம்பு அப்படிம்மா. உன் கரண்டிய அதுகிட்ட நீட்டாத."

நீட்டாமல்தான் இருந்தேன். ஆனால், கோந்த்வாவில் நாங்கள் இருக்கும் அடுக்குமாடிச் சொசைட்டி முழுக்கப் பேச்சு கிளம்பியது. மதராசி வீட்டில் மலைப்பாம்பாம், குழந்தைகளை விழுங்கிவிடுமாம். செக்ரட்டரி நேரில் பார்த்து முடிவு சொல்வதாக ஏற்பாடு. "லட்டு போகணும்னா நானும் வேற வீடு பாத்துப் போயிருவேன்" என்றாள் செல்வி. சொன்னால் செய்கிறவள். அப்புறம் இந்த வீட்டில் நானும் சுவரும்தான்.

செக்ரட்டரி வருகிற அன்று செல்வி வேலையிலிருந்து இன்னும் திரும்பவில்லை. லட்டு முந்தின நாள்தான் தின்றிருந்தது. இருந்தாலும் தலையைத் தூக்கித் தூக்கிப் பார்த்தது. ஆள் வருகிற நேரத்தில் பசியோடு விடலாமா? இன்னொன்று நீட்டினேன். தின்றது. எங்கள் வீட்டில் ஒரு தடவை மட்டும் போட்டுக்கொண்டு எழுந்தவர் யாரும் கிடையாது. மூன்றாவதையும் நீட்டினேன். அதையும் ஆசையாகத்தான் தின்றது. நான் ஒன்றும் திணிக்கவில்லை.

செக்ரட்டரி வந்து சோபா நுனியில் உட்கார்ந்தார். "ஆஜி, கடிக்குமா?" என்று மராட்டியில் கேட்டார். (இங்கே வயசான பொம்பளை எல்லாருக்குமே ஆஜிதான்.)

"கடிக்கிறதா? பந்தியில சாப்பிட்ட புது மாப்பிள்ளை மாதிரி கெடக்கு, பாருங்க!" என்று எனக்குத் தெரிந்த மராட்டியில் சொல்லி, லட்டுவைத் தூக்கி அவர் மடியில் வைத்தேன்.

அந்த நேரம் பார்த்துச் செல்வி உள்ளே வந்தாள். "அம்மா! தூக்காத!"

லட்டு வாயைத் திறந்தது. அவருடைய வெள்ளைப் பேண்டின் மேல் ஒன்று விழுந்தது. இன்னொன்று விழுந்தது. கடைசியாக, பாதி கரைந்து, முந்தின நாளுடையதும் வந்தது. நாற்றத்தைப் பற்றி எழுதப் போவதில்லை. (அவர் வீட்டில் வெங்காயம்கூடச் சேர்க்க மாட்டார்கள்.)

"மூணா?" என்றாள் செல்வி. "மூணாம்மா போட்ட?"

"பின்னே? ஆள் வாற வீட்டுல பட்டினி போடவா?"

செக்ரட்டரி கையை அந்தரத்தில் தூக்கியபடி மடியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, மூக்கைப் பொத்திக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார். "மூணு சுண்டெலியைத் தாங்க முடியல. இதுவா குழந்தையை முழுங்கப் போவுது?" சொசைட்டிக் கூட்டத்திலும் அதையேதான் சொன்னாராம். அத்தோடு அந்தப் பேச்சு அடங்கியது.

மிருக டாக்டர் என்னை வெளுத்து வாங்கினார். இரண்டு வாரம் வயிற்றைக் காயப்போடச் சொன்னார். பிறகு சின்னதாக ஒன்று. அதுவரை எனக்கும் சோறு இறங்கவில்லை, அது உண்மை. லட்டு அந்த ஒன்றைத் தின்று, உள்ளேயே வைத்துக்கொண்ட பிறகுதான் நானும் ஒழுங்காகச் சாப்பிட்டேன். ஆனால் ஒன்று கேட்கிறேன்: முந்தின நாள் போட்ட ஒரே எலியோடு நிறுத்தியிருந்தால் லட்டு இன்று இந்த வீட்டில் இருக்குமா? செல்விதான் இருப்பாளா?

இப்போதும் யார் தட்டிலாவது நான் இரண்டாவது தோசையை வைத்தால், செல்வி உடனே கேட்பாள்: "ஏம்மா, இன்னைக்குச் செக்ரட்டரி வாராரா?"

"வாராரு" என்பேன், மூன்றாவதையும் வைத்துவிட்டு.