மாப்பிள்ளை வந்து நின்றதும் ஓடிய சிஸ்டம்

சாஃப்ட்வேர் எழுதிப் பிழைக்க ஆரம்பித்த நாட்களில், தப்பு என் பக்கம் இருக்கலாம் என்ற எண்ணம் எனக்குக் கடைசியாகத்தான் வரும். அதற்கு முன்பே கேபிள், கரண்ட், கிரகம் எல்லாவற்றையும் சந்தேகப்பட்டு முடித்திருப்பேன்.

நெய்வேலியில் சுரங்க இயந்திரங்களைப் பழுதுபார்க்கும் ஒரு தனியார் ஒர்க்‌ஷாப். அதன் உதிரிபாக ஸ்டோருக்கு ஒரு புரோகிராம் எழுதிக் கொடுத்திருந்தேன். அது நாலைந்து கணினிகளில் துண்டு துண்டாக ஓடும். ஒரு துண்டுக்கு இன்னொரு துண்டு எங்கே இருக்கிறது என்று தெரியாது. பெயரைச் சொல்லிக் கேட்டால் முகவரி சொல்வதற்கென்றே நேமிங் சர்வீஸ் என்று ஒன்று உண்டு. அது பதில் சொல்லாவிட்டால் ஸ்டோரிலிருந்து ஒரு பேரிங்கைக்கூட வெளியே எடுக்க முடியாது.

பகலெல்லாம் நான் அங்கே வேலை பார்க்கும்போது நன்றாகத்தான் ஓடியது. சாயங்காலம் என் ஊரான வடக்குத்தில் நான் பஸ்ஸை விட்டு இறங்குவதற்குள் ஸ்டோர் இன்சார்ஜ் ஸ்டெல்லா அக்கா போன் செய்வார்.

“சிஸ்டம் படுத்துக்கினு இருக்குது, வாம்மா.”

லேப்டாப் பையோடு திரும்பிப் போவேன். லேப்டாப்பை நெட்வொர்க்கில் செருகி ஆராய்ச்சிக்கு உட்கார்ந்தால், எல்லாம் ஓடும். (அக்கா இதைக் கைராசி என்றார். நான் மறுக்கவில்லை.) ஒரு வாரம் இப்படியே போனது. கேபிளை மாற்றினேன். கான்ஃபிகரேஷன் ஃபைலை நாலு தடவை வரிவரியாகப் படித்தேன். நேமிங் சர்வீஸ் இருக்கும் முகவரி என்று அதில் ஓர் எண் இருந்தது. ஒரு புள்ளிகூடப் பிசகவில்லை. அது எந்தக் கணினியின் எண் என்று மட்டும் பார்க்கவில்லை.

ஒர்க்‌ஷாப் ஓனர் கூப்பிட்டார். “இன்னொரு தடவ நின்னா, பழைய நோட்டுக்கே போயிடுறோம்மா. நீங்க வர வேணாம்.”

அந்தச் சனிக்கிழமை மதியம் அரை நாள் லீவு போட்டேன். முத்தாண்டிக்குப்பத்திலிருந்து என்னைப் பெண் பார்க்க வந்திருந்தார்கள். மாப்பிள்ளை பள்ளிக்கூடத்தில் தமிழ் வாத்தியார். காபித் தட்டை நான் இறக்கி வைப்பதற்குள் அக்காவின் போன்.

“ஃபிட்டருங்க நாலு பேர் நின்னுகினு இருக்காங்க. ஓனர் வேற வந்துட்டாரு.”

பட்டுப்புடவையோடு அப்பாவின் மொபெட்டில் கிளம்பிவிட்டேன். “அடியே, உக்காந்திருக்கிறவங்களுக்கு நான் என்னடி பதில் சொல்றது?” என்று அம்மா கத்தியது தெருமுனை வரை கேட்டது.

ஸ்டோரில் என் கைராசி வேலை செய்யவில்லை. அரை மணி நேரம் தட்டினேன். ‘பெயர் கிடைக்கவில்லை’ என்றே சொல்லிக்கொண்டிருந்தது திரை. ஃபிட்டர்கள் அதையும் என் ஜரிகையையும் மாறி மாறிப் பார்த்தார்கள். ஓனர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

அப்போது வாசலில் மாப்பிள்ளை. கையில் என் லேப்டாப் பை.

“இத மறந்துட்டுப் போயிட்டீங்களாம். உங்க அம்மா குடுத்தனுப்புனாங்க.”

வாங்கிச் செருகினேன். அவர் வேடிக்கை பார்க்கத் திரை அருகே போய் நின்றார். பேரிங் பட்டியல் முழுசும் பளிச்சென்று வந்தது.

“யப்பா! மாப்பிள்ள வந்து நின்னதும் வந்துடுச்சு பாருங்க!” என்றார் ஸ்டெல்லா அக்கா. ஓனர் மாப்பிள்ளைக்குக் கை கொடுத்தார்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. சோதித்துப் பார்க்க நேமிங் சர்வீஸை என் லேப்டாப்பில் ஓடவிட்ட நான், அந்த முகவரியையே எல்லாக் கணினியிலும் எழுதி வைத்துவிட்டேன். பிறகு தினமும் சாயங்காலம் அதை நானே பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோயிருக்கிறேன்.

எல்லோரும் அவரைச் சுற்றி நின்று டீ குடித்துக்கொண்டிருந்தபோது, நேமிங் சர்வீஸை ஸ்டோரை விட்டு நகராத சர்வர் கணினிக்கு மாற்றி முகவரியைத் திருத்தினேன். யாரிடமும் மூச்சு விடவில்லை. அதன்பிறகு சிஸ்டம் நிற்கவே இல்லை. அதுவும் அக்கா கட்சிக்குத்தான் பலமாகப் போயிற்று. அன்றைக்கே என் அம்மாவுக்குப் போன் போட்டு, “இந்தப் புள்ளைய வுட்டுடாதீங்க” என்று சொல்லிவிட்டார்.

கல்யாணமாகி ஒரு வருடம் கழித்து அவரிடம் உண்மையைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, “அது உன்னோட விளக்கம்” என்றார்.

இன்றைக்கும் முத்தாண்டிக்குப்பத்தில் மோட்டார் ஓடவில்லை, மிக்ஸி சுற்றவில்லை என்றால் சொந்தக்காரர்கள் அவரைத்தான் கூட்டிப்போய் முன்னால் நிறுத்துகிறார்கள். அவரும் சட்டையை மாட்டிக்கொண்டு போய் நின்றுவிட்டு வருகிறார். பாதி தடவை ஓடியும்விடுகிறது. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.