பேய்க்கு ஒரு வக்கீல்

ஊரே காறித் துப்புகிற ஆளுக்காகக் கறுப்புக் கோட்டை மாட்டிக்கொண்டு எழுந்து நிற்கிற வக்கீல் என்று ஓர் இனம் உண்டு. பார்த்திருப்பீர்கள். பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டும் இருப்பீர்கள்.

நம்மவர் அந்த இனத்தில் முதல் தரம். ஊர் வைத்த பெயர் 'பேய்க்கு வக்கீல்'. வங்கியை முழுசாக விழுங்கி ஏப்பம் விட்டவர், மருந்து மாத்திரையில் சுண்ணாம்பைக் கலந்து விற்றவர், தான் கட்டிய பாலம் இடிந்ததும் பழியை ஆற்றின் மேல் போட்டவர் என்று இவர் அறை நாற்காலியில் உட்காராத புண்ணியவான் கிடையாது. ஒருவரிடமும் இவர் "நீ செஞ்சியா?" என்று கேட்டதில்லை. கேட்டால் சொல்லித் தொலைத்துவிடுவார்களே!

இப்பேர்ப்பட்டவரைப் பற்றி ஆவணப்படம் எடுக்க ஒரு குழு வந்து வீட்டிலேயே டேரா போட்டது. வக்கீலுக்குத் தலைகால் புரியவில்லை. கோட்டைக் கழற்றாமலே காப்பி குடித்தார். வாசல் கேட்டைத் தாண்டிக் காரில் வந்து இறங்கும் காட்சி மட்டும் திருப்தியாக வராமல், அதைத் திரும்பத் திரும்ப எடுத்தார்கள். ஒரு கை ஸ்டியரிங்கில், மறு கை கேமராவுக்கு டாட்டா.

மறுநாள் கூடத்தில் பேட்டி.

"யாரா வேணா இருக்கட்டும்," என்றார் வக்கீல். "ஒருத்தர் தரப்பக் கேக்காம அவரக் குற்றவாளின்னு சொல்ல யாருக்கும் உரிமை இல்ல."

அப்போது வாசலிலிருந்து மனைவி குரல் கொடுத்தார். "ஏங்க, கார் கதவுல இத்தனை நீளத்துக்குக் கீறல்!"

"கூப்பிடு உன் பொண்ண!"

மகள் வந்தாள். புதிதாக லைசென்ஸ் வாங்கியவள். முதல் வேலை, பக்கத்து ஊரில். மறுநாள் அந்தக் காரைத் தானே ஓட்டிக்கொண்டு போகத் துடித்துக்கொண்டிருந்தவள்.

"அப்பா, நான் வண்டியத் தொடவே இல்ல."

"பின்ன, கீறல் தானா முளைச்சுதா? சாவிய வை."

"நான் சொல்றதக் கொஞ்சம் கேளு..."

"உன்னப் பத்தி எனக்குத் தெரியாதா? வாய மூடு."

முடிந்தது. வங்கியை விழுங்கியவருக்கு வருஷக்கணக்காக இழுத்த விசாரணை, பெற்ற மகளுக்குச் செருப்பைக் கழற்றும் நேரத்தில் தீர்ந்துவிட்டது. சாட்சி? எதற்கு? சந்தேகத்தின் பலன்? அதெல்லாம் கட்சிக்காரர்களுக்கு. சாவியை அப்பா கையில் வைத்துவிட்டு அவள் அழுதாள், பாவம்.

கேமராக்காரர் இருமினார். பிறகு தயங்கித் தயங்கி, முந்தின நாள் எடுத்ததைப் போட்டுக் காட்டினார். கார் வருகிறது. கை டாட்டா காட்டுகிறது. கேட்டுத் தூண் 'கிர்ர்ர்' என்கிறது. காரில் இருப்பவர் அதைக் கவனிக்காமல் இன்னும் அகலமாகச் சிரிக்கிறார்.

மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நீதானேப்பா செஞ்சே?"

வாழ்நாளெல்லாம் இவர் யாரிடமும் கேட்காத கேள்வி. வக்கீல் கோட்டைச் சரிசெய்துகொண்டார்.

"அது வந்து... இந்தப் பதிவ எந்த அளவுக்கு நம்பலாம்னு மொதல்ல..."

"கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க," என்றார் மனைவி.

"ஒரு வாய்தா குடு."

மனைவி கொடுக்கவில்லை. அவர் கையிலிருந்த சாவியைப் பிடுங்கி மகளிடம் கொடுத்தார்.

சிரிக்கிறீர்களா? நன்றாகச் சிரியுங்கள். ஆமாம், உங்கள் வீட்டில் கடைசியாக ஒரு கண்ணாடித் தம்ளர் உடைந்ததே, சத்தம் கேட்டதும் உட்கார்ந்த இடத்திலிருந்தே யார் பேரைச் சொல்லிக் கத்தினீர்கள்? படக்குழு அடுத்த வீடு தேடுகிறதாம். உங்கள் விலாசத்தைக் கொடுத்தாயிற்று.