மச்சானைத் தொலைத்த வரிசை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பந்தியில் சாப்பிடுகிறவர் முதுகுக்குப் பின்னால் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நிற்கும் பழக்கம் எனக்கு அன்றும் பிடிக்காது, இன்றும் பிடிக்காது. மனிதன் நிம்மதியாக ஒரு நல்லி எலும்பை உறிஞ்ச வேண்டாமா?

அதனால்தான் என் மகள் காதுகுத்துக்கு நானே சி மொழியில் ஒரு புரோகிராம் எழுதினேன். நாகமலை புதுக்கோட்டை மண்டபத்துக்கு இரண்டு வாசல். இரண்டிலும் பெயர் வாங்குவார்கள். என் லேப்டாப்பில் வாசலுக்கு ஒரு த்ரெட், அதாவது புரோகிராமுக்குள் தனியாக ஓடும் ஒரு வேலையாள், அந்தப் பெயரை வரிசையின் கடைசியில் கோக்கும். முறை வந்தால் திரையில் பெயர் வரும். வரிசை ஒரு லிங்க்டு லிஸ்ட். அதில் ஒவ்வொரு பெயருக்கும் தனக்கு அடுத்தவர் யார் என்று மட்டும்தான் தெரியும்.

ஆபீஸில் ஜோசப் அண்ணன் பார்த்துவிட்டு, "ரெண்டு த்ரெட்டும் ஒரே லிஸ்டுல கை வைக்குதே, லாக் போட்டியா தம்பி?" என்றார்.

"எதுக்குண்ணே? வேகம் கொறஞ்சிரும்." (சொன்னது, வீட்டில் தனியாக உட்கார்ந்து ஒரே வாசலை மட்டும் சோதித்துப் பார்த்த மேதாவி.)

விசேஷத்தன்று நல்ல நேரம் பன்னிரண்டுக்கு மேல்தான் என்பதால் கறிவிருந்தை முன்னாலேயே ஆரம்பித்துவிட்டோம். பரவையிலிருந்து என் மனைவி செல்வியின் அண்ணன் பாண்டி மேளத்தோடு சீர் கொண்டுவந்தார். பிள்ளையைத் தாய்மாமனான அவர் மடியில் வைத்துத்தான் காது குத்த வேண்டும். "யாரா இருந்தாலும் பேர் குடுக்கணும் மச்சான்" என்றேன் கறாராக. கொடுத்தார். அதே நொடியில் அடுத்த வாசலில் பக்கத்து வீட்டு வாத்தியாரும் கொடுத்தார்.

இரண்டு த்ரெட்டும் கடைசிப் பெயரிடம் ஒன்றாகப் போய், 'உனக்கு அடுத்து எங்கள் ஆள்' என்று எழுதியிருக்கின்றன. பிந்தி எழுதியதுதான் நின்றது. வாத்தியார் வரிசைக்குள் வந்துவிட்டார். மச்சான் எங்குமே இல்லை.

வாத்தியார் சாப்பிட்டு, வெற்றிலை போட்டு, "இன்னும் சாப்பிடலையா?" என்று மச்சானிடம் கேட்டும் தொலைத்தார். மச்சான் துண்டை உதறித் தோளில் போட்டு எழுந்தார்.

"நான் வாரேன் செல்வி. எனக்குப் பின்னாடி வந்தவன்லாம் ஏப்பம் விடுறான். தாய்மாமனுக்கு இம்புட்டுத்தான் மரியாத!"

ஆசாரி ஊசியோடு மணியைப் பார்த்தார். செல்வி என்னைப் பார்த்தாள். (ஊசியே தேவலை.) "எங்கண்ணன் இல்லாம எம்புள்ளைக்குக் காது குத்துனா, இந்த லேப்டாப்ப வைகையில வீசிருவேன்!" அவள் கண் கலங்கிவிட்டது. எனக்கும்தான்.

ஓடிப்போய் வாசலில் அவர் கையைப் பிடித்தேன். "உங்க பேரத் தொலச்சது நான்தான் மச்சான். தப்பு என் மேலதான்."

"கம்ப்யூட்டரு மேல பழியப் போடுவன்னு நெனச்சேன் மாப்ள" என்றவர், திரும்பி நேராகப் பந்திக்குப் போய், சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒருவரின் நாற்காலியில் கை வைத்தார். அடுத்து வந்தவர் அந்தக் கையைப் பார்த்துவிட்டு வேறு நாற்காலி தேடினார். சண்டை இல்லை, சத்தம் இல்லை. அடப்பாவி! நான் போடாத லாக் அதுதான். ஒருவர் கை எடுக்கும்வரை அடுத்தவர் தொடுவதில்லை.

சாப்பிட்டு வந்து மடியைக் கொடுத்தார். பிள்ளை மண்டபம் அதிர அழுதது.

அன்று சாயங்காலமே புரோகிராமில் லாக் போட்டுவிட்டேன். வீட்டில் அதை ஓட்டத்தான் யாரும் விடுவதில்லை. எந்த விசேஷத்திலும் மச்சான் ஒரு நாற்காலியைப் பிடித்துக்கொண்டு, "லாக் போட்டாச்சு மாப்ள, வா!" என்று கத்துவார். மண்டபமே சிரிக்கும். நான் போகமாட்டேன். கறி தீர்ந்து ரசம் மட்டும் மிஞ்சும் கடைசிப் பந்தியில்தான் நிமிர்ந்து உட்கார்ந்து சாப்பிடுவேன். அப்போது முதுகுக்குப் பின்னால் யாரும் இருப்பதில்லை. முதல் பந்தியிலேயே சாப்பிட்டு முடித்த மச்சான் மட்டும் வந்து, என் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நிற்பார்.