காக்கியைக் கழற்றிய மேயர்

காக்கிச் சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு மேயராகிற ஓர் இனம் உண்டு. பார்த்திருப்பீர்கள். சட்டைதான் மாறும். உள்ளே இருப்பவர் இன்னும் டூட்டியில்தான் இருப்பார்.

கான்ஸ்டபிளாகத் தேர்த் திருவிழாவில் சங்கிலித் திருடனைத் துரத்தியது, ஏட்டாக அவனையே மறுபடி துரத்தியது, இன்ஸ்பெக்டராக அவன் மகனைத் துரத்தியது, டி.எஸ்.பி.யாக ஓய்வுபெற்ற அன்று தேம்பி அழுதது, மறுநாள் காலையிலேயே கட்சி ஆபீசுக்குப் போனது, பெருநகரத்துக்கே மேயரானது என்று ஒன்று விடாமல் சொல்வார். நடுவில் தண்ணீர் குடிக்கலாம். நீங்கள் அல்ல, அவர். மேயரான பிறகாவது மாறினாரா? சாலையில் பள்ளம் என்றால் சுற்றித் தடுப்பு வைப்பார். கொசுத்தொல்லை என்றால் ராத்திரி ரோந்தைக் கூட்டச் சொல்வார்.

எங்கள் மரக்காணத்துக் கலியன் இந்த இனத்தில் அசல். 2005 சித்திரையில் சொந்த ஊர்ப் பாராட்டு விழாவுக்கு வந்தார். உப்பள முதலாளி ராஜாங்கம் பந்தல் போட்டு, கூட்டம் காட்டுவதற்காக அளத்து ஆட்களை வேலையிலிருந்து அப்படியே ஓட்டிவந்து உட்காரவைத்தார். முன்வரிசையில் கொளஞ்சியம்மாளும் அவள் புருஷன் மாயவனும். ராஜாங்கத்திடம் நாலு பாத்தி குத்தகைக்கு எடுத்து, மாசியிலிருந்து வாரிய உப்பைச் சாலையோரம் குவித்து வைத்திருந்தார்கள். மறுநாள் லாரி வருகிறதே என்று கீற்று போட்டு மூடவில்லை.

மேயர் தன் கதையில் ஏட்டுப் பதவிக்கு வந்தபோது மேற்கே கருத்தது. கொளஞ்சியம்மாள் எழுந்தாள்.

"உக்காரும்மா. பேசிக்கினு இருக்கேன் இல்ல?"

"மேகம் கட்டுதுங்க. உப்ப மூடணும்."

"மழைக்குப் பயந்து நான் ஒருநாள்கூட பந்தோபஸ்த விட்டு நகந்தது கெடையாது. உக்காரு."

ராஜாங்கம் முறைத்தார். அடுத்த வருஷக் குத்தகை அவர் கையில். மாயவன் முந்தானையை இழுத்தான், அவள் உட்கார்ந்தாள்.

டி.எஸ்.பி. ஆவதற்குள் மழை முந்திக்கொண்டது, கோடை மழைக்கே உரிய வெறியோடு. எல்லாரும் ஓடினோம். பாதி உப்பு கரைந்து வாய்க்காலில் போய்க்கொண்டிருந்தது. கொளஞ்சியம்மாள் கீற்றைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டாள்.

மேயர் கெட்டவரல்ல. காரிலிருந்து இறங்கி, குடை பிடித்து நடந்து வந்தார். குரல்கூடத் தழைந்திருந்தது.

"யார் மேலயாவது சந்தேகம் இருக்குதாம்மா?"

"இருக்குதுங்க."

"பயப்படாம பேரச் சொல்லு. நான் பாத்துக்கறேன்."

அவள் அவரையே பார்த்தாள். மாயவன் அவசரமாக, "மழ மேலதாங்க" என்றான். மேயர் ஆறுதலாகத் தலையசைத்துவிட்டு காரில் ஏறினார்.

சிரிக்கிறீர்களா? தாராளமாகச் சிரியுங்கள். ஆனால் உங்கள் வீட்டில் பால் பொங்கி வழிகிறபோது எழுந்துபோய் அடுப்பை அணைக்கிறீர்களா, இல்லை நாற்காலியில் இருந்தபடியே "யார் வெச்சது?" என்று கேட்கிறீர்களா? பதிலை நீங்கள் சொல்ல வேண்டாம். உங்கள் வீட்டுக்காரம்மாவைக் கேட்டுக்கொள்கிறேன்.